தவக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

இதை எழுதப் பல வருஷமாகக் கை வரவில்லை. வில்லியனூர் பக்கம் நெல், கரும்பு வைத்துப் பிழைக்கிறவன் நான்.

என் மனைவி பிலோமினாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. மெட்ராசில் ஆபரேஷன் செய்து, கட்டியைச் சோதித்த டாக்டர், "இது பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிற வகை. அதைத் தடுக்க மாத்திரை இருப்பதால் பிழைக்க நல்ல வாய்ப்பு. நிறுத்திவிடாதீர்கள்" என்றார்.

மாத்திரையால் அவளுக்கு உடம்பெல்லாம் அனலடித்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்ததும், "மாத்திரைய வுட்டுட்டு நம்ம மாதா கோயில் குளத்துத் தண்ணிய குடி. நம்பிக்கை இல்லியா?" என்றேன்.

"ஏங்க, மாத்திரை வேணாம்னு மாதா உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?" என்று சிரித்தாள். ஆனாலும் என் பேச்சைத் தட்டவில்லை. அனல் தணிந்தது. மாத்திரை நின்றதால்தான் என்று புரியாமல், மாதாவின் அற்புதம், புதுமை நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லி, ஈஸ்டருக்குப் பிறகும் மாத்திரையைத் தொடவிடவில்லை.

மழைக்காலத்தில் அக்குளில் மறுபடியும் கட்டி. டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. "உடனே மாத்திரை கொடுங்கள். இந்த வகை இன்னும் மருந்துக்குக் கேட்கும்" என்றார். ஆண்டவர் புண்ணியத்தில் கட்டி கரைந்தது. அவள் இருக்கிறாள். ஆனால் அதைத் திரும்ப வரவழைத்தவன் நான்தானே என்ற உறுத்தல் போகவில்லை.

இப்போது தினமும் ஜெபமாலை முடிந்ததும் மாத்திரையை நானே அவள் கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாதாவைக் குறை சொல்லாமல், என் தப்பையும் குறைக்காமல், உள்ளபடியே சொல்லுங்கள்.