தறி ஓடும்போது எடுத்த மைக்

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் வீடுகளில் நிதானமாக ஒரு காரியம் பேசவேண்டும் என்றால் மின்தடை நாளைத்தான் பார்ப்போம். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் அந்தப் பகலில்தான் தறிச்சத்தம் ஓய்ந்து, ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அன்றைக்கு வந்தால் மரியாதையாகப் பேசிவிட்டுப் போகலாம். எனக்கென்று பாட்டு மைக் ஒன்று வாங்க முடிவானபோது, என் வீட்டுக்காரர் யோசிக்காமல் அந்த நாளையே சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் இன்னிசைக் குழுவில் பாடுகிறேன். போன வருஷம் குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி வந்து, அதை எடுத்தார்கள். "பாடலாம், கத்தக் கூடாது. திரும்ப வந்தால் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். கத்தாமல் காபி கேட்க முடியாத வீட்டில் வாழ்கிறவளிடம் இதைச் சொல்கிறாரே என்று சிரிப்புதான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுதேன். பல மாதம் வாயே திறக்காமல் குடும்பம் நடத்தினேன். வீட்டுக்காரர் அந்த மாதங்களில் சற்று நிம்மதியாக இருந்ததாக எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

மின்தடை நாளில் எங்கள் குழுவின் மைக்செட்காரர் மூன்று மைக்குகளோடு வந்தார். இன்வெர்ட்டரில் சின்ன ஸ்பீக்கரைப் போட்டு ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தேன். இரண்டு சுமார். மூன்றாவது கன்டென்சர் மைக். அதன் முன்னால் முணுமுணுத்தாலே கூடம் நிறைந்தது.

"நீங்க மூச்சு உடறதுகூடக் கேக்குதுங்கக்கா" என்றார் அவர்.

போன உயிர் வந்தது எனக்கு. இனிமேல் தொண்டையைக் கசக்காமலே பாடலாம். அதையே எடுத்துக்கொண்டோம்.

சங்ககிரியில் ஒரு கல்யாண வரவேற்பில் முதன்முதலாக அதைப் பிடித்தேன். பக்கத்தில் டிரம்ஸ், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். என் மூச்சைக் கேட்ட மைக் அவற்றையும் விடாமல் கேட்டது. கொஞ்சம் ஏற்றினால் கீச்சென்று கூவியது, இறக்கினால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் குரலை உயர்த்தினேன். சரணத்தில் தொண்டை எரிந்தது. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டேன்.

குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் நல்ல மனிதர். "கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்கம்மா, பொறவு பாத்துக்கலாம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. குரல் போய்விட்டது என்றே முடிவுகட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஒரு தட்டில் இட்லியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, மேடையில என்ன கரண்டு கட்டா? நம்மூட்டுப் புத்தி, சத்தமில்லாத அன்னைக்குப் பாத்து எடுத்துப்போட்டோம். தறி ஓடறப்பல்லோ பாத்திருக்கோணும்."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது, முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

மைக்செட்காரரைத் திரும்ப வரவழைத்தோம். எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருக்க, தறிக்கொட்டகையிலேயே ஸ்பீக்கரை வைத்தார். கன்டென்சரைப் போட்டதும் தறிச்சத்தம்தான் இரட்டிப்பானது. உடனே அணைத்தோம். அடுத்தது, அன்றைக்குச் சுமார் என்று தள்ளி வைத்த ஒன்று. கையில் கனமாக இருந்தது. தள்ளிப் பிடித்தால் ஒன்றுமே கேட்காது. உதடு படுகிற மாதிரி வைத்துக்கொண்டால் எதிரில் இருக்கும் வாயைத் தவிர வேறெதையும் அது சட்டை செய்யவில்லை.

பல்லவியை மெல்லப் பாடினேன். கொட்டகையின் அந்தக் கோடியில் நின்ற வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் நம்பவில்லை. தறிக்கொட்டகையில் யாரும் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். நின்றார்.

எனக்குப் பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. குழந்தையைத் தூங்கவைக்கும்போது பேசுகிற குரலில் மைக்கிடம் சொன்னேன்.

"ஏனுங்க, வலிக்கவே இல்லீங்க."

அவர் திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.