கராஜுக்கு இழுத்த கரண்ட்

என் கணவருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று யாராவது கேட்டால், மீன்களுக்கு அடுத்தபடி என்று சொல்வேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை மாத்தளையில் இறக்கிவிட்டு எங்கள் ஊர் அலுவிகாரைக்குத் திரும்பியதும், முன் அறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியிடம்தான் முதலில் போய் நிற்பார். உள்ளே தங்க மீன்கள். அவர் விரலைக் கண்டால் மேலே வரும். நான் கூப்பிட்டு அவர் வருவதைவிட அது வேகம்.

அந்த மீன்களில் ஐந்தைக் கொன்றது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை.

அதற்கு முன்னால் நான் ஒரு வாசனைச் சரக்குக் கடையில் பல வருஷம் கறித்தூள் வறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி, நான் செய்த தூளைத் தன் வீட்டுக்காரி செய்தது என்று யாரோ ஒரு வெள்ளைக்காரருக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார். ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், இறங்குவதற்கு நாளாகும். அது இறங்குவதற்குள் கையில் இருந்த சேமிப்பைப் போட்டு, யாரோ பாவித்த பழைய அரைக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். கராஜுக்குள் மெஷின் போனது, வேன் வெளியே பலாமரத்தடிக்குப் போனது. தினமும் காலையில் காக்கை எச்சத்தைக் கழுவும்போதெல்லாம் இவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

கராஜில் ஒரு பல்ப் மட்டும்தான் இருந்தது. அதனால் குசினி அடுப்புக்கு மேலிருக்கும் ஜன்னல் வழியாக நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை இழுத்து மெஷினைப் போட்டேன். போட்டால் சிலநேரம் ஓடும், சிலநேரம் வீட்டு ட்ரிப் சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்து வீட்டுக் கரண்டே நின்றுவிடும். போய் அதைத் தூக்கிவிட்டு வந்து மறுபடி போடுவேன். இவர் வேனோடு வெளியூர் போயிருந்த ஒருநாள் அப்படி நின்றபோது, ஊருக்கே கரண்ட் கட் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கொத்தமல்லி வாங்க டவுனுக்குப் போய்விட்டேன். போகும் வழியில் பக்கத்து வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் நான் வந்தபோது இவர் கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டர் பகல் முழுக்க நின்றுபோயிருந்தது.

அவர் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. மண்ணை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, “இன்னொரு தடவ அந்தத் தொட்டியில குமிழி நின்னுச்சின்னா, மெஷினு கலேவெலக்குப் போயிரும்” என்றார்.

கலேவெலயில் மில் வைத்திருக்கும் ஒரு மனிதர் இதே மெஷினை வாங்க என்னைவிட ஒருநாள் பிந்தி வந்தவர். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை இவருக்கு ஃபோன் எடுத்து, “என்ன, குடுக்கிற யோசனை இருக்கா?” என்று கேட்பார். அந்த மணிச்சத்தம் கேட்டாலே ஓடிப்போய் கராஜ் கதவைச் சாத்திவிடுவேன். திரும்பவும் இன்னொருவர் கடையில் போய் நின்று, இன்னொருவர் பெயருக்குத் தூள் வறுப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மாத்தளை டவுனில் வயரிங் வேலை செய்யும் என் சொந்த அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. குசினியில் கருகிப்போயிருந்த பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

“இது என்னா? வீடே எரிஞ்சிருக்கும். உனக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கிறது ஞாபகமே வரலயா?”

திட்டி முடித்த பிறகு விளக்கினார். “வீட்டுக்கு மொத்தமா ஒரே ட்ரிப் சுவிட்சு. கராஜுல எது நடந்தாலும் வீடும் சேந்து இருண்டுபோகுது. அந்த சுவிட்சுக்கு முன்னாடியே, மெயின்ல இருந்து கராஜுக்குத் தனி வயர் எடுப்போம். மண்ணுக்குள்ள கொண்டுபோவோம். அங்க தனி போர்டு, தனி ட்ரிப் சுவிட்சு, தனி எர்த்து. அங்க ஏதாச்சும் ஆனா அங்க மட்டுந்தான் போகும். மச்சானோட மீனு நிம்மதியா இருக்கும்.”

இவர் எழுந்து வெளியே போனார். கல்லைப் பெயர்க்கும் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வீட்டைச் சுற்றியிருக்கும் எங்கள் வளவில் ஒரு முழத்துக்கு ஒரு கல். அண்ணன் இரண்டடிக் குச்சி ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, இவர் ‘போதும்’ என்று நிமிரும்போதெல்லாம் குழிக்குள் குச்சியை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இவர் மறுபடி குனிவார். பாதி வழியில் என் மிளகுக்கொடி நின்றது. நேரே போனால் வேர் போகும். நான் கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“சுத்திப் போங்க.”

“சுத்துனா இன்னும் ஆறடி தோண்டணும்” என்றார் அண்ணன்.

இவர் அலவாங்கில் சாய்ந்து என்னைப் பார்த்தார். “மொளகுக்கொடிக்கு ஒரு நியாயம், என் மீனுக்கு ஒரு நியாயமா?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சுற்றித்தான் தோண்டினார்.

குழாய்க்குள் தடித்த வயரை விட்டு இறக்கி, மேலே மணல் போட்டு, அதற்கும் மேலே பழைய ஓடுகளை அடுக்கினோம். என்றைக்காவது யாராவது அந்த இடத்தில் மண்வெட்டி போட்டால் முதலில் ஓடு உடையட்டும் என்று அண்ணன் சொன்னார். கராஜ் சுவரில் புதுப் போர்டு ஏறியது. செப்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு கம்பியும் அடித்தார். என் மெஷினையும் திறந்து, உள்ளே எலி கடித்திருந்த வயர் ஒன்றை மாற்றினார்.

மெயினில் வயரைப் பொருத்துவதற்கு மட்டும் வீட்டுக் கரண்டை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தொட்டியைப் பார்த்தோம்.

“நீங்க நிப்பாட்டுங்க மச்சான். நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, இவர் ஒரு முக்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிடிவைத்த பிளாஸ்டிக் ஜொக்கில் தொட்டித் தண்ணீரையே அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றினார். அள்ளினார், ஊற்றினார். குமிழி வந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் மச்சான்?”

“அஞ்சு நிமிஷம்.”

அந்த ஐந்து நிமிஷத்தை அண்ணன் நாலு தடவை சொன்னார். நான் ஜொக்கை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. சட்டையெல்லாம் நனைந்துபோய், கை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இப்படிப்பட்டவரின் ஐந்து மீனைக் கொன்றுவிட்டேனே என்று அன்றைக்குத்தான் உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துக் கராஜில் பால் பொங்க வைத்தோம். புது இடம் ஒன்றில் வேலை தொடங்கினால் எங்கள் பக்கத்தில் பால் பொங்கி வழியாமல் எதுவும் நடக்காது. அண்ணன் கேஸ் அடுப்பைத் தூக்கி வரச் சொன்னார். நான் கேட்கவில்லை.

“கரண்டு வந்ததுக்குத்தானே பொங்குறோம்? கரண்டுலயே பொங்கட்டும்!”

சுருள் கம்பி வைத்த பழைய மின்னடுப்பைக் கொண்டுவந்து புதுப் பிளக்கில் மாட்டினேன். மேலே மஞ்சள் கட்டிய புதுச் சட்டி. பால் மெதுவாக ஏறியது. மூன்று பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். நுரை விளிம்பைத் தொட்டு, கிழக்குப் பக்கமாக அழகாக வழிந்தது. “பொங்குது, பொங்குது!” என்று கத்தினேன்.

டக்.

பல்ப் அணைந்தது. அடுப்பு ‘உஸ்’ என்றது. இவர் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் நடந்தார்.

போச்சு, மெஷின் கலேவெலக்குப் போச்சு. அந்தப் பயமெல்லாம் கோபமாகி அண்ணன்மேல் பாய்ந்தது. “தனி சுவிட்சு, தனி எர்த்துன்னு வாய் கிழியப் பேசுனீங்களே! முதல் நாளே மூஞ்சியில அடிச்ச மாதிரி...”

அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார். அது என்னை இன்னும் எரித்தது.

வீட்டுக்குள்ளிருந்து இவர் குரல் வந்தது. “குமிழி வருது!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியில் குமிழிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மீன்கள் அவர் விரலுக்காக மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

“பொங்குன பாலு கம்பியில எறங்கி கரண்டு கசிஞ்சிருச்சு தங்கச்சி” என்றார் பின்னால் வந்த அண்ணன். “கராஜு சுவிட்சு அது வேலையப் பாத்துருச்சு. வீட்டுக்குத் தெரியவேயில்ல. நான் சோதிச்சுக் காட்டணும்னு இருந்தேன், நீயே காட்டிட்ட.”

அடுப்பைக் கழற்றி வெளியே வைத்தோம். ட்ரிப் சுவிட்சை இவரே தூக்கிவிட்டார். நான் வறுத்த கொத்தமல்லியைக் கொட்டி மெஷினைப் போட்டேன். சுவர் அதிர ஓடியது, நிற்கவில்லை. மணம் கராஜை நிறைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் ஃபோனோடு நின்றார். வாய் அசைந்தது, மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறவர் வேறு யார்? கலேவெலக்காரர்தான். பிறகு ஃபோனைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார். என்னைப் பேசச் சொல்கிறார் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்தினேன்.

“ஏன் நிப்பாட்டுன?” என்றார் எரிச்சலாக. “மெஷினக் குடுக்கிறீங்களான்னு கேக்குறாரு. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கட்டும்னுதானே ஃபோன நீட்டிக்கிட்டு நிக்கிறேன். போடு!”

போட்டேன்.