ஏரிக்கரையில் நான் அழித்த அழைப்பு

சாகப்போகும் தந்தை ஒருவர் தம் மகளிடம் பேச விரும்பினார். நான் பேசவிடவில்லை. அந்த மகள் என் தோழி கலா. இன்றுவரை அவளுக்கு இது தெரியாது... உங்களிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன்.

கலா, திரேசா, நான். மூவரும் பினாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக் வரை ரயிலிலேயே போவது என்று பல வருடங்களாகப் பேசிப் பேசி, ஒருவழியாகக் கிளம்பினோம். என் கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சியின் குரலோடு மட்டுமே வாழ்ந்தவளுக்கு அந்தப் பயணம் என்னவாக இருந்திருக்கும்? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தாய்லாந்து எல்லை தாண்டியபின், தாமரை பூத்த ஓர் ஏரியைப் பார்க்க வழியில் இறங்கினோம். அவர்கள் இருவரும் படகேறினார்கள். எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

"போன் தண்ணியில விழுந்துரும் லா, நீயே வச்சிரு," என்று கலா தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் அது ஒலித்தது. தெரியாத எண். எடுத்தேன். கலாவின் அப்பா. என் குரலை உடனே தெரிந்துகொண்டார்.

"சாந்தியாம்மா? நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில இருக்கேன். இது நர்ஸோட போன். கிளம்புறப்ப கலாவ ரொம்ப ஏசிட்டேன், மனசு கேக்கல. வந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லும்மா."

"சொல்றேன்பா," என்றேன்.

சொன்னால் அவள் உடனே ஊர் திரும்பிவிடுவாள். பயணம் அந்தக் கரையிலேயே முடிந்துவிடும். நான் மறுபடியும் அந்த வீட்டுக்கு... பெரியவர் தெளிவாகத்தானே பேசினார், நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நாளை சொல்வதாக இருந்தால் அந்த எண்ணை ஏன் அழித்தேன்?

கலா நனைந்த காலோடு சிரித்தபடி கரையேறினாள். "யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"இல்லையே."

மறுநாள் காலை, பேங்காக் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அவள் சொந்த ஊரான நிபோங் திபாலிலிருந்து அவள் தம்பி அழைத்தான். அப்பா விடியற்காலையில் போய்விட்டார். கலா நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்து கிடந்தாள். எதிரே திரேசா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கலாவின் தலையைத் தடவிக்கொண்டே வந்தேன்... எந்தத் துணிச்சலில் தடவினேன்?

அதற்குப் பிறகு அவள் என்னைத் தனியே விட்டதில்லை. ஞாயிறுதோறும் அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்துவிடுகிறாள். "நீ இல்லேன்னா நான் அன்னிக்கு என்ன ஆயிருப்பேன்," என்கிறாள். நான் ஆசைப்பட்ட துணை கிடைத்துவிட்டது. ஆனால் அவள் எதிரில் இருக்கும்போதுதான் நான் மிகவும் தனியாக இருக்கிறேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று கையை நிறுத்தினாள்.

"அப்பா கோவத்தோடயே போயிட்டாரு, சாந்தி. ஒரு போன்கூடப் பண்ணலையே."

ஒரே ஒரு வாக்கியம் போதும் அவளுக்கு. அது என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல வாயும் திறந்தேன்...

"மீன் குழம்பு ஆறிடும், சாப்பிடு," என்று சொல்லி, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.