நூற்றுக்கு ஏழு

தேவசகாயம் தன் தங்கச்சி ஞானம்மாளுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். புருஷன் போன பிறகு ஈ.சி.ஆர். ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவி அவள் சேர்த்த காசு அது. மகள் சிநேகாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தால் கட்டுவதற்கென்று வைத்திருந்தாள். "காலேஜ் தொறக்கறதுக்குள்ள உன் கையில வெச்சிடறேன்" என்று சொல்லித்தான் வாங்கினார்.

தேவசகாயம் எவரிடமும் கைநீட்டுகிற ஆள் இல்லை. அப்பா அடுத்தவன் நிலத்தில் நாற்று பிடுங்கினவர். பள்ளிக்கூடம் மூன்றாங்கிளாஸோடு சரி. சித்தாளாகப் போய், கொத்தனாராகி, மேஸ்திரியானவர். பொத்தேரிப் பக்கம் எழும்பின ஆஸ்டல்களில் பாதிக்கு இவர் கை பட்ட பூச்சுதான். இன்றைக்கும் ஒரு விரிசல் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்தச் சம்பாத்தியத்தில் கடப்பாக்கத்தில் கழிமுகத்தைப் பார்த்த மாதிரி நாலு ரூம் கட்டினார். ஒரு செங்கல் கடன் கிடையாது. சென்னைக்காரன் சனி ஞாயிறு வருவான், பக்கத்தில் இருக்கிற பழைய கோட்டையைப் பார்ப்பான், இறால் தின்பான், தங்குவான் என்பது கணக்கு. ஆனால் ஒரு வருஷம் முழுக்க வந்தது நாலைந்து குடும்பம்தான்.

கூடுவாஞ்சேரியில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஜாக்குலின் என்ற பெண் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்தாள். போனில் ரீல்ஸுக்கு நடுவே வருகிற விளம்பரங்களைப் போட்டுத் தருவது, எதை எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. எதற்கென்று சொல்லாமல் தங்கச்சியிடம் வாங்கின காசோடு தேவசகாயம் அவளிடம்தான் போனார்.

"நூறு பேர் கண்ணுல பட்டா ஒருத்தர் அமுக்கி உள்ள வந்தாலே நல்ல விளம்பரம் அங்கிள். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் உங்களுக்கு ஆறு ரூபா செலவு. சென்னைக்கு மட்டும் காட்டலாம்."

"சென்னைக்கு மட்டும் இன்னாத்துக்கு? எங்க ஊரையும் சேத்துக்கோ."

"உங்க ஊர்க்காரங்க உங்க ரூம்ல வந்து தங்கப் போறாங்களா?"

"தங்க வேணாம். பாக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. சாந்துச்சட்டி சுமந்த தலையைப் பார்த்த ஊர் அது. அதே தலையை, சொந்த ரூம் வாசலில் வெள்ளைச் சட்டையோடு பார்க்க வேண்டாமா? காசு கொடுக்கிறவர் கேட்கிறாரே என்று அவளும் சேர்த்துவிட்டாள்.

விளம்பரம் வந்த அன்றைக்கே டீக்கடையில் ஆட்டோக்காரன் பூபாலன் பிடித்துக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்த, டான்ஸ் பாத்துகினு கீறேன், நடுவுல உன் மூஞ்சி! போனே கீழ வுழுந்துடுச்சு."

"அமுக்கினியா?"

"எதை?"

"கீழ பட்டன் கீதே, அதை. வந்தா அமுக்கணும் நைனா. சும்மா பாத்துட்டுப் போனா எனக்கு இன்னா மரியாதை?"

கல்யாணத்துக்கு வந்தவன் மொய் எழுதாமல் போவானா? அமுக்குவதையும் அவர் அப்படித்தான் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னார். ஊரும் குறை வைக்கவில்லை. நம்ம மேஸ்திரி என்று பார்த்த போதெல்லாம் அமுக்கியது.

பாதிக் காசு போயிருந்தபோது ஜாக்குலின் போன் செய்தாள்.

"அங்கிள், நூத்துக்கு ஏழு வருது. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. புக்கிங் எதுனா வந்துச்சா?"

"வரும்மா. மொதல்ல பாப்பான், அப்புறம்தான வருவான். என் கைராசி அப்படி."

"எனக்கு என்னமோ உதைக்குது. கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமா?"

"ஓடற வண்டியை எவனாச்சும் நிறுத்துவானா?"

மீதியையும் போட்டார். பஸ்ஸில், டீக்கடையில், முடிவெட்டுகிற இடத்தில் எல்லாம் "நமக்கு நூத்துக்கு ஏழு" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். ரூம்கள் பூட்டினது பூட்டினபடி கிடந்தன.

சிநேகாவுக்கு இடம் கிடைத்த வாரம் ஜாக்குலின் அவரை நேரில் வரச் சொன்னாள். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"மொத்தம் எத்தனை தடவை அமுக்கினாங்கன்னு பாத்தேன் அங்கிள். எத்தனை பேருன்னு பாக்காம விட்டுட்டேன், அது என் தப்பு. முக்கால்வாசி உங்க ஊர்லேருந்துதான். அதே ஆளுங்க, திரும்பத் திரும்ப. யாரு அமுக்கறாங்களோ அவங்களையே தேடிப் போய்க் காட்டும் இது. சென்னைப் பக்கம் சரியா போகவே இல்ல. இன்னிக்கு ராத்திரியோட காசும் தீந்துடும்."

"எங்க ஊர்ல எனக்கு எவம்மா எதிரி?"

"எதிரியா இருந்தா ஒரு தடவை அமுக்கிட்டு மறந்துருப்பான் அங்கிள்."

தன் கூலியைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். "உன் வேலை நீ செஞ்ச. ஊரைச் சேக்கச் சொன்னது நான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனார். ஞானம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை எட்டப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா, ஆயுசு நூறு! இப்பத்தான் உன்ன பாத்துகினு கீறேன். சிநேகா சொல்லிக் குடுத்துச்சு. காலையில எழுந்ததும் அமுக்குவேன். பஸ்ல சீட்டு கெடச்சா வூடு வர வரைக்கும் அமுக்கிகினே வருவேன். நான் இன்னா பெருசா செய்யப் போறேன் உனக்கு? இதுவாச்சும்."

சொல்லிக்கொண்டே இன்னொரு தபா அமுக்கினாள். வெள்ளைச் சட்டையோடு அவரே சிரித்தார். ஆறு ரூபாய்.

சொல்லியிருக்கலாம். உன் காசைத் தின்றதில் உன் விரலுக்கும் பங்கு இருக்கிறது என்று சொன்னால் தன் பாரம் பாதியாகும். அவர் சொல்லவில்லை.

"போதும் ஞானம். விரல் வலிக்கும்." பிறகு சொன்னார்: "உன் காசு போச்சும்மா. நான்தான் எதுலயோ போட்டுத் தொலச்சிட்டேன்."

ஞானம்மாள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். உள்ளேயிருந்து சிநேகா வந்தாள். "எவ்ளோ மாமா?"

"எல்லாம்."

அவள் திரும்பிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரம் ஏறாத படியில்லை. மனைக்குப் பட்டா இல்லாததால் பேங்கில் கடன் இல்லை என்றார்கள். ஊரில் கேட்டால் சிரித்தார்கள். "நூத்துக்கு ஏழுன்ன? உனக்கா பேஜாரு? வெளையாடாத அண்ணாத்த!" என்றான் பூபாலன். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவன் நம்பவில்லை. தேதி தாண்டியது. இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. சிநேகா ஜி.எஸ்.டி. ரோட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஏறினாள்.

தேவசகாயம் நாலு ரூமையும் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டார். தானும் கரண்டியை எடுத்தார். பொத்தேரியில், ஒரு காலத்தில் தன்னிடம் மணல் சலித்தவனிடமே கூலிக்கு நின்றார். மேஸ்திரி என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை. "பெருசு, அந்தப் பக்கம் பூசு" என்றார்கள். பூசினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நாற்பதாயிரத்தோடு தங்கச்சி வீட்டுக்கு வந்தார்.

"இப்ப இன்னாத்துக்குண்ணா அவசரம்? அந்த வருஷம்தான் போச்சே" என்றாள் ஞானம்மாள். "நீயே வெச்சுக்க. மறுபடி வெளம்பரம் போடு. இப்பல்லாம் உன்ன காணவே காணோம். நானும் தள்ளித் தள்ளிப் பாக்கறேன்."

"கையை நீட்டு."

நீட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை. உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்து வந்த சிநேகா தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் தேவசகாயம் சத்தம் வராமல், வாய்க்குள்ளேயே எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் வைத்தார்.