சங்ககிரியில் நான்காவது டயர்

சூரமங்கலத்தில் இருக்கும் என் நண்பர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், தை மாதம் எழுதிய கடிதத்தில் ஒரு வரி: "சங்ககிரியில் ஒரு பெண்மணி நடத்தும் டயர் பட்டறை, எதிரே கடை விரித்த வெளிநாட்டுக் கம்பெனியை மூட்டை கட்ட வைத்துவிட்டது." எந்த ஆண்டு என்று எழுதவில்லை. ஆண்டு இல்லாத வெற்றிக் கதைகளை நான் நம்புவதில்லை. மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

காலை எட்டு மணி. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஈரோடு பேருந்து. சங்ககிரிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். மகுடஞ்சாவடி தாண்டியதும் சாலையோரம் லாரிகள் பெருகின. பக்கத்து இருக்கையில் ஒரு லாரி டிரைவர். அந்தக் கம்பெனி எப்போது மூடியது என்று கேட்டேன்.

"கொரோனாவுக்கு முந்தியேங்க."

சங்ககிரியில் இறங்கி டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். கடைக்காரரிடமும் அதையே கேட்டேன்.

"கொரோனாவுக்குப் பொறகுங்க. பூட்டுன அன்னிக்கு அவுங்க கடைசி டீ இங்கதான் குடிச்சாங்க."

இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

பட்டறை, தேய்ந்த லாரி டயரின் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டி, வேகவைத்து, மறுபடி ஓடவிடும் இடம். எதிரே பூட்டிக் கிடக்கும் கண்ணாடிக் கட்டடம். அதில் இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனியின் பேனர்: 'விரைவில் திறப்பு'. உரிமையாளர் தனலட்சுமிக்கு ஐம்பது வயதிருக்கும். போனில் யாரையோ அதட்டி முடித்துவிட்டு வந்தார்.

"நாங்க எங்கீங்க ஜெயிச்சோம்? அவுங்க பழைய டயர வாங்கிக்கிட்டு, ஒட்டி ரெடியா வெச்ச வேற டயர அரை மணி நேரத்துல குடுத்தாங்க. நம்மாளுக ஊரான் டயரத் தொடுவாங்களா? எவன் எத்தன லோடு ஏத்தி எந்த மலையில உருட்டுனானோ. மூணு நாளானாலும் அவங்கவங்க டயரு அவங்கவங்களுக்கே வேணும்."

அதற்காகவே இங்கு ஒவ்வொருவரும் காய்ச்சிய கம்பியால் தம் லாரி எண்ணை டயரின் பக்கவாட்டில் சுட்டு வைக்கிறார்கள். விளக்கம் கச்சிதமாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். எண்ணை யார் வேண்டுமானாலும் சுடலாமே என்றேன்.

"சுடலாந்தான். ஒருக்கா அப்படிப் பேராச்சுன்னா எல்லாருமே எதுக்கால வர்ற கம்பெனியில போயி நிப்பாங்க. நான் இதப் பூட்டிட்டுக் கோழிப்பண்ணையில முட்ட பொறுக்கோணும்."

பதினொரு மணியளவில் திருச்செங்கோட்டு நல்லசாமி வேனில் வந்தார். எட்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர், பட்டறையின் பெரிய வாடிக்கையாளர். அவருடைய டயர்கள் ஆறு தயாராக இருந்தன. நான்காவதின் மேல் குனிந்தவர் நிமிரவில்லை.

"அம்மிணி, இது நம்முளுதாட்டத் தெரியலியே."

"நம்பரப் பாருங்ண்ணா."

"அதத்தான் பாக்கறேன். போன வருசம் சுட்டது, நேத்து சுட்டாப்புல பளிச்சுனு இருக்குது."

"கறுப்புப் பெயிண்டு அடிச்சா பளிச்சுனுதான் இருக்கும்."

"மத்ததுக்கெல்லாம் வெள்ளப் பெயிண்டா அடிச்சே?"

வேலையாட்கள் கையை நிறுத்தினார்கள். வாசலில் காத்திருந்த லாரிக்காரர்கள் இருவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். தனலட்சுமியின் குரல் தணிந்தது.

"கிருஷ்ணகிரில பஞ்சராகி டயருக்கு உள்பக்கம் ஒட்டுப் போட்டீங்கல்ல, கைய உட்டுப் பாருங்க. இல்லைன்னா இந்த ஆறையும் எடுத்துட்டுப் போங்க, இனி இந்தப் பக்கமே வராதீங்க."

நல்லசாமி தோள்வரை கையை விட்டுத் தடவினார். ஒரு ஒட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் தடவியதாக எனக்குப் பட்டது.

"இருக்குது" என்றார். "ஏத்துங்கப்பா."

வாசலில் இருந்தவர்கள் போனுக்குத் திரும்பினார்கள். தனலட்சுமி, "டீ சொல்லட்டுங்களாண்ணா?" என்றார்.

"உன்ற டீய நீயே குடி."

திருச்செங்கோடு பத்துக் கிலோமீட்டர். நல்லசாமியின் வேனிலேயே இடம் கேட்டு ஏறிக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டியதும், அந்த ஒட்டு உண்மையிலேயே இருந்ததா என்று கேட்டேன். இரண்டு லாரிகளை முந்திய பிறகே பேசினார்.

"ஏனுங்க, கம்பெனியில யாரோட சண்ட போடறது? போன் பண்ணுனா ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துங்குது. இந்த அம்மிணியோட பதினஞ்சு வருசமாச் சண்ட. நாக்பூர்ல டயர் வெடிச்சாலும் போன எடுத்து நம்ம டிரைவரோட பேசும். அந்தக் கம்பெனியில எனக்கு யாருங்க இருக்கறா?"

"ஒட்டு இருந்ததா?"

"அந்த டயர ஸ்டெப்னிக்கு வெச்சுக்கறேனுங்க" என்றார்.

எங்கள் ஊரில் நான் மருந்து வாங்குவது பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடையில். பில் தெளிவாக இருக்கும். மாத்திரையில் சந்தேகம் வந்தால், போன மாதம் விற்ற ஆள் இந்த மாதம் இருக்கமாட்டார். சந்தேகப்படுவதற்கும் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

திருச்செங்கோட்டில் இறங்கியபோது நான்காவது டயர் வேனின் விளிம்பில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. நல்லசாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி நகர்ந்தேன். கம்பெனி மூடிய ஆண்டை ஆவணங்களில் தேடிக்கொள்ளலாம். டயருக்குள் கிருஷ்ணகிரி ஒட்டு இருந்ததா என்பது மட்டும் சரிபார்க்கப்படவில்லை.