இறக்கை சாய்த்தால் மழை

மரக்காணத்து உப்பளத்தில் குனிந்தே வளர்ந்தவள் மேரிசெல்வி. வெயில் ஏறிவிட்டால் பாத்தியெல்லாம் கண்ணைக் கூசும். நிமிர்ந்து வானத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றாது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் சின்ன விமானங்களுக்கு ஓடுதளம் போடும்வரை அவளுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று முதல்முதலாகத் தலைக்கு மேலே போனபோது, உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள். அதன் நிழல் பாத்தித் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கப்புறம் எத்தனையோ கனவில் அவள் அந்த நிழலுக்கு மேலே இருந்தாள்.

ஆசை அப்படி வந்தது. பொறுப்பு வேறு வழியாக வந்தது. சொந்தமாக விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஓடுதளம் இருக்கும் ஊரில் தங்களுக்காகப் பேச ஓர் ஆள் வைத்துக்கொள்வார்கள். வட்டாரப் பிரதிநிதி என்று பெயர். மரக்காணத்தில் அது மேரிசெல்வி. சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைக்கும். தளத்தில் ஆடு மேய்ந்தால் விமானிகள் அவளைக் கூப்பிடுவார்கள். பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு மேலே சத்தம் கேட்டால் ஊர் கூப்பிடும். தளத்தை மூடச் சொல்லி எவனாவது கிளம்பினால் தாலுகா ஆபீசில் போய் நின்று வாதாடுவதும் அவள்தான். வாயாடி என்று ஊர் வைத்த பெயர் கடைசியில் ஓர் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது.

விமானிகள் எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் ஏறவில்லை. ஏறினால், ஒரு ரவுண்டுக்காக ஊரையே விற்றுவிட்டாள் என்று பேசுவார்கள். ஆசையை முந்தானையில் முடிந்துகொண்டு இருந்துவிட்டாள்.

அவள் செய்த ஏற்பாட்டில் ஊருக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடல் பக்கம் மழை கறுத்து வருவது மேலே இருப்பவர்களுக்கு முன்னாலேயே தெரியும். அவர்கள் உப்பளத்துக்கு மேலே வந்து இறக்கையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டுவார்கள். கீழே இருப்பவர்கள் ஓடிப்போய் உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். உப்புத் தண்ணீருக்குப் பயந்து போனைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

இந்தச் சாடை தெரியாமல் சென்னையிலிருந்து புதிதாக ஒரு விமானி வந்தாள். பெயர் ரேணுகா. கீழே கையாட்டிய பெண்களைப் பார்த்த சந்தோஷத்தில் இறக்கையைச் சாய்த்தாள். விமானிகளுக்குள் அது வணக்கம். உப்பளத்தில் அது மழை. போட்டது போட்டபடி ஓடினார்கள். அத்தனை குவியலையும் மூடிவிட்டு நிமிர்ந்தால், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓடியதில், கூட உப்பு வாரும் சாலம்மாளுக்குக் கால் பிசகியதுதான் மிச்சம்.

உப்பளக்காரர் பாவாடை அன்றைக்கே தளத்தை மூடச் சொல்லி மனு எழுதிவிட்டார். கையெழுத்துப் போட எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். மேரிசெல்வி ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு போனாள். உப்பளமே திரண்டு கையெழுத்துப் போட்டால் தளம் நிலைக்காது.

"சும்மா வணக்கம்தாங்க சொன்னேன். மழைன்னு அர்த்தம்னு தெரியாது" என்றாள் ரேணுகா.

"வணக்கம் சொல்ல எங்க பொழப்புதான் கெடைச்சிதா?" என்றார் பாவாடை.

"அண்ணே, போன ஆடியில இதே றெக்கைதானே உங்க உப்பைக் காப்பாத்திச்சி?" என்றாள் மேரிசெல்வி.

"இல்லங்கல. இனிமே சாஞ்சா அது மழையா வணக்கமான்னு யாருக்கும்மா தெரியும்? நம்ப முடியாதது இருந்து என்னா, போயி என்னா?"

அப்போது சாலம்மாள் கட்டுப் போட்ட காலை நீட்டியபடியே பேசினாள்.

"நம்ம ஆளு ஒண்ணு மேல போயி பாக்கட்டும். அங்கர்ந்து நாம எப்படித் தெரியுறோம், அவங்க என்னா பண்றாங்கன்னு பாத்து, நம்ம சாடையச் சொல்லிக் குடுத்துட்டு வரட்டும். அப்புறம் கையெழுத்தப் பேசலாம்."

"யாரு போறது?" என்றார் பாவாடை.

"மேரிதான். இத்தினி வருஷத்துல ஓசில ஒரு வாட்டி ஏறியிருக்காளா? அவங்களுக்காக நம்மகிட்ட வாதாடுனா. இப்ப நமக்காகப் போயிட்டு வரட்டும்."

மேரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தான் ஏறாததை ஊர் கவனித்திருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் காலையில் ரேணுகாவின் விமானத்தில் மேலே ஏறியபோது, கனவில் பார்த்ததற்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மயங்கிப்போனாள். பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. உப்புக் குவியல்கள் வடித்த சோறு போல வெள்ளையாக இருந்தன. அவர்களுடைய விமானத்தின் நிழல், முன்பு பார்த்த அதே நிழல், வரப்பைத் தாண்டித் தாண்டிப் போனது. காலம் பூராவும் குனிந்து நின்ற இடம் உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதாகிவிட்டது. அங்கே எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உங்க ஆளுங்க. சாய்க்கட்டுமா?" என்றாள் ரேணுகா.

நான்தான் வந்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்ல மேரிசெல்விக்கு அது ஒன்றுதான் வழி. அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"வேணாம் மேடம். இனிமே மழைக்கு மட்டுந்தான். நேரா போங்க."

விமானம் ஆடாமல் அசையாமல் உப்பளத்தைக் கடந்தது. அது சாயாமல் போனதைப் பார்த்துவிட்டுப் பாவாடை மனுவைக் கிழித்துப் போட்டதை, இறங்கிய பிறகுதான் அவள் கேள்விப்பட்டாள். அப்போதைக்கு அவளுக்குத் தெரிந்தது அந்தக் கைகள் மட்டும்தான். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது என்று தெரிந்தும், உப்பளம் முடியும்வரை கண்ணாடியில் கையை வைத்தபடியே இருந்தாள்.