நார்ப்பாவாடையும் துணிக்கவுனும்

அன்று செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்து மேடைக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர். துணி தைத்துக் கொண்டுபோன நான், தைக்கச் சொன்ன டீச்சர், அதைப் போட்டுக்கொண்டு நின்ற ஏழாம் வகுப்புப் பெண், அவளுடைய அம்மா.

உலக மக்களின் உடைகள் என்று பள்ளியில் ஒரு நிகழ்ச்சி. டீச்சர் எனக்குக் கொடுத்தது, அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் வாழும் குவெச்சான் பெண்களின் உடை. "இது நல்லா வந்துச்சுன்னா, யூனிஃபார்ம் தையல உங்களுக்கே தரச் சொல்லி பெரிய டீச்சர்கிட்ட பேசறேன்க்கா" என்றார். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

டீச்சர் போனில் இரண்டு படம் அனுப்பினார். ஒன்றில், மரத்தின் உள்பட்டையை நார்நாராகக் கிழித்து இடுப்புக் கயிற்றில் தொங்கவிட்ட பாவாடை. முன்னால் ஒரு துண்டு, பின்னால் அடர்த்தியாக ஒரு துண்டு. இன்னொன்றில், கால்வரை பருத்திக் கவுன், தோளைச் சுற்றி வலைபோலக் கோத்த பாசிமணி. எது உள்ளே, எது மேலே? கேட்டிருக்கலாம். எட்டாவதோடு நின்றவள், இதுகூடத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை. அந்த மரம் இங்கே ஏது? பூக்கடையில் வாழைநார் வாங்கி, டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து நிறம் ஏற்றினேன். சட்டைக்கு மேலே கோட்டு போடுவதில்லையா, அப்படித்தான் இருக்கும் என்று கவுனுக்கு மேலே நாரைக் கட்டிவிட்டேன்.

"இன்னாம்மா இது, தொடப்பத்த அவுத்து எம்பொண்ணு இடுப்புல சுத்தி வெச்சிருக்க?" என்றாள் அந்த அம்மா.

டீச்சர் சிரிக்கவில்லை. "அக்கா, நாரு பழைய காலத்துல கட்னது. துணி கைக்கு வந்தப்புறம் தச்சது கவுனு. ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டீங்களே!"

"அப்ப அவுத்துடவா டீச்சர்?"

"எதை?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

கடைசியில் டீச்சரே நாரை அவிழ்த்து மேடையில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டார். அந்தப் பெண் கவுனும் மணியுமாகப் பக்கத்தில் நின்று பேசினாள். கைதட்டினார்கள். பாராட்டா, கேலியா என்று பின்னால் நின்ற எனக்குப் புரியவில்லை.

"தனித்தனியா காட்டினதும் நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றார் டீச்சர். யூனிஃபார்ம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாரா, நான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரா? கூலியாகப் பேசிய எண்ணூறில் முன்பணம் முந்நூறுதான் வந்தது. மீதியைக் கேட்டால் நச்சரிக்கிறாள் என்று அந்தத் தையலும் கைவிட்டுப் போய்விடுமோ என்று இதுவரை வாய் திறக்கவில்லை. வரவேண்டியது ஐந்நூறு ரூபாய்.